நடக்கிற தூரம்

ஓடக்கூடாது. ஓடினால் முழங்கால் போய்விடும், முழங்கால் போனால் பாலம்வரை போய்ச் சேர முடியாது, பாலத்துக்குப் போகாவிட்டால் போன் கிடையாது, போன் இல்லையென்றால் வண்டி கிடையாது. இதையே மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு தாசில்தார் தணிகாசலம் கோணமலைச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, பெய்யலாமா வேண்டாமா என்று வானம் இன்னும் முடிவு பண்ணாமல் கிடந்தது. வேறு எந்த ஞாயிறாக இருந்தாலும் இந்நேரம் மலையுச்சியில் தும்பைக்குழி போய்ச் சேர்ந்து, யார் வீட்டிலாவது சாமைக் கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டு, நடந்து வந்த சுகத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். இன்றைக்குப் பாதி மலை ஏறும்போதே, வழுக்குப்பாறைத் திருப்பத்தில், எதிரே டோலி வந்துவிட்டது. மூங்கில் கழியில் போர்வையைத் தூளியாகக் கட்டி, முன்னால் ஒருவன் பின்னால் ஒருவன் தோள் கொடுத்து, மாற்றிப் பிடிக்கக் கூட இரண்டே பேர். ஊரில் மற்ற ஆம்பிளைகள் மிளகு பறிக்கக் கேரளா போயிருக்கிறார்கள். தூளிக்குள் மாதம்மாள், வெள்ளையன் பெண்டாட்டி. தலைச்சன் பிரசவம், நேற்றுச் சாயங்காலம் எடுத்த வலி. முன்கழியை வெள்ளையனே பிடித்திருந்தான். "கீழ பாலத்துக்கிட்ட போனாத்தான் சார் சிக்னல். எங்கள்ல ஒரு ஆளை அனுப்பினா தோளுக்கு ஆளில்ல. நீங்க முன்னால போய் நூத்தெட்டுக்குச் சொல்லுங்க. உங்க நடை எங்களுக்கே வராது" என்றான். உங்க நடை எங்களுக்கே வராது. அந்த நேரத்திலும் அந்த வார்த்தை உள்ளே போய் இனித்துத் தொலைத்ததே, அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. தூளியின் அடியில் போர்வை நனைந்து கறுத்திருந்ததைக் கண் பார்த்துக்கொண்டிருக்கிறது, மனசு பாராட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டு நிற்கிறது. என்ன ஜென்மமோ, என்று சொல்லிக்கொண்டே அடுத்த கல்லில் காலை வைத்தார்.

தாலுகாவில் தணிகாசலத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். நடைதாசில்தார் என்று பெயர். அரசாங்கம் ஜீப் கொடுத்திருக்கிறது, டிரைவர் கொடுத்திருக்கிறது, டீசல் கொடுத்திருக்கிறது, இந்த மனுஷன் கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, பேன்ட்டை இரண்டு மடிப்பு ஏற்றிவிட்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பட்டா விசாரணைக்கு ஊர் ஊராக நடந்து போவார். டிரைவர் ஜெயவேலு காலி ஜீப்பை அவருக்குப் பின்னால் முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு வருவான், சாமி ஊர்வலத்துக்குப் பின்னால் வருகிற ஜெனரேட்டர் வண்டி மாதிரி. இரண்டு ஊருக்கு முன்பே ஆள் வருவது தெரிந்துபோய்விடும், கிராம நிர்வாக அலுவலர் குளித்து, சட்டை மாற்றி, நாற்காலி போட்டு வைத்திருப்பார். சேர்ந்த விடுப்பையெல்லாம் எடுத்து ஒரு தரம் ராமேஸ்வரம்வரை நடந்தார், இன்னொரு தரம் மைசூருக்கு. வேண்டுதலா சார் என்று கேட்டால் இல்லை என்பார். சர்க்கரையா என்றால் அதுவும் இல்லை. பின்னே எதுக்கு? அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சர்வீஸில் சேர்ந்த புதிதில் ஒருநாள் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் நடந்தபோது, மண்டைக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் ஒரு புளியமரச் சாலையில் திடீரென்று நின்றுபோனது. அவ்வளவுதான் விஷயம். அந்த அமைதிக்காகத்தான் இத்தனை வருஷமும் நடந்தார், வேறொரு மண்ணாங்கட்டிக்காகவும் இல்லை. இன்றைக்கும் நடக்கிறார், நேற்றைக்கு நடந்ததைவிட வேகமாகவே நடக்கிறார், ஆனால் இரைச்சல் நிற்கக் காணோம். மூச்சுச் சத்தத்துக்கும் ஷூ சரளையில் அரைபடும் சத்தத்துக்கும் நடுவில் யாரோ பேசிக்கொண்டே வருகிறார்கள். யார் என்று பார்த்தால் அவரேதான்.

போர்வை கறுத்திருந்தது மழை ஈரமாக இருக்கலாம். மழை எங்கே பெய்தது. விடிகாலையில் மேலே தூறியிருக்கலாம், மேலே தூறினால் கீழே தெரியாது, மலை அப்படித்தான். பனிக்குடம் உடைந்த தண்ணீராக இருக்கலாம், அது உடையத்தானே செய்யும், உடைந்தால்தானே பிள்ளை. தண்ணீர் கறுப்பாக இருக்குமா. போர்வையே கறுப்புப் போர்வையோ என்னவோ. இல்லை, பச்சைப் போர்வை, பொங்கலுக்கு இனாமாகக் கொடுத்தது, அவரே கையால் எடுத்துக் கொடுத்தது. மாதம்மாளுக்குத்தான் கொடுத்தாரா என்று ஞாபகமில்லை, வரிசையில் வந்த எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி குனிந்து வாங்கிக்கொண்டார்கள். தூளிக்குள்ளிருந்து சத்தம் ஏதாவது வந்ததா? முனகலாவது? கை ஒன்று வெளியே தெரிந்தது, கழியைப் பிடிக்கப் பார்த்துப் பிடி நழுவிய கை, கண்ணாடி வளையல் இருந்தது. வளையல் சத்தம் கேட்டது, அப்படியானால் கை அசைந்தது, அப்படியானால் உயிர் இருந்தது. இருந்தது என்று ஏன் நினைக்கிறோம், இருக்கிறது. மனைவி வேதவல்லிக்கு வலி எடுத்தபோது அவர் எங்கே இருந்தார்? மாமனார் வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போன் வந்தது, பஸ் ஸ்டாண்டு நாலு கடை தள்ளி, ஏறியிருந்தால் பொழுது சாய்வதற்குள் போயிருக்கலாம். நடந்து போகிறேன், நடந்தால்தான் மனசு நிதானமாகும் என்று கிளம்பினார். போய்ச் சேர்ந்தபோது மகள் பிறந்து, துடைத்து, பால் குடித்து, தூங்கியும் விட்டிருந்தாள். வேதவல்லி திட்டவில்லை, அழவும் இல்லை. இரத்தம் நிற்கவில்லை என்று மூன்று பாட்டில் ஏற்றினார்கள், நீங்க எந்த ஊர் தாண்டிக்கிட்டு இருந்தீங்க அப்போ, என்று மட்டும் கேட்டாள். மகளுக்குக் கல்யாணமாகி அவளுக்கும் பிள்ளை பிறந்தாகிவிட்டது, இன்னும் வேதவல்லி சாப்பாடு போடும்போது நடுநடுவே கேட்பாள், விளையாட்டுக்குக் கேட்பது போலவே கேட்பாள். எந்த ஊர் தாண்டிக்கிட்டு இருந்தீங்க. முழங்காலுக்குள் என்னவோ நறுக்கென்றது. நிற்காமல் நொண்டிக்கொண்டே இறங்கினார்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி நினைக்கக்கூடாது என்று டோலியைப் பார்த்த கணத்திலேயே முடிவு செய்திருந்தார். நினைக்கக்கூடாது என்று வைத்துக்கொண்டால் மனசு வேறெங்கே போகும், ருசி கண்ட மாடு மாதிரி அதே வயலுக்குத்தான் போகும். அது கலெக்டர் ஆபீஸ் கூட்டம், ஏசி போட்ட ஹால், முந்திரி பக்கோடா, தண்ணீர் பாட்டில். இந்த வருஷம் ஒரு மலைக்குத்தான் ரோடு, கோணமலைக்கா ஏரிமலைக்கா என்று பேச்சு வந்தது. என்ஜினீயர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கலெக்டரம்மா சின்ன வயது, வந்து கொஞ்ச மாதம்தான் ஆகியிருந்தது, எல்லாரையும் விட்டுவிட்டு அவரைத் தேடிப் பார்த்துக் கேட்டார்கள். நீங்கதான் இரண்டு மலைக்கும் நடந்து போறவர், உங்களுக்குத்தான் தெரியும், எது கஷ்டமான மலைன்னு நீங்க சொல்லுங்க என்று. ஹால் முழுக்க இவர் பக்கம் திரும்பியது. அவ்வளவு பேர் முன்னால் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதேயில்லை. எழுந்து நின்று, சிரித்துக்கொண்டே சொன்னார், கோணமலை நடக்கிற தூரம்தாம்மா, காலையில டிபனை முடிச்சிட்டு ஏறினேன்னா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுல இருப்பேன், இந்த வயசுல நானே போறேன்னா மலை ஜனங்களுக்கு என்ன என்று. எல்லாரும் சிரித்தார்கள், யாரோ மேஜையைத் தட்டினார்கள், கலெக்டரம்மா கண்ணில் ஒரு மரியாதை தெரிந்தது. ரோடு ஏரிமலைக்குப் போனது. அதில் தப்பு என்ன? ஏரிமலையில் ஜனம் அதிகம், பள்ளிக்கூடம் இருக்கிறது, யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவர் கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதானே, தூரம் எவ்வளவு என்று கேட்டார்கள், தூரம் எவ்வளவு என்று சொன்னார். தூரம் எவ்வளவு என்றா கேட்டார்கள்? எது கஷ்டமான மலை என்றல்லவா கேட்டார்கள். கொட்டாங்குச்சி மாதிரி வறண்டிருந்த வாயை நாக்கால் துழாவிக்கொண்டார். குடிக்கத் தண்ணீர் எடுத்து வரவில்லை, மேலே போய்க் கஞ்சி குடிக்கலாம் என்று வந்தவர்.

பாலம் வந்தது. பாலம் என்றால் பெரிய பாலமில்லை, ஓடைமேல் போட்ட கல்வெர்ட்டு, அங்கேதான் தார்ச்சாலை முடிகிறது, அங்கேதான் போனுக்கும் உயிர் வரும். இரண்டு தரம் நம்பரைத் தப்பாக அழுத்திவிட்டார். எதிர்முனையில் ஒரு பெண் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டாள், யார், எந்த ஊர், எத்தனையாவது பிரசவம், பேச்சு மூச்சு இருக்கிறதா. அவர் பதில் சொன்ன விதம் அவருக்கே அந்நியமாக இருந்தது, ஆபீஸில் கை கட்டி நிற்கிற மனுக்காரன் குரல். தாசில்தார் என்று சொல்லலாமா, சொன்னால் வண்டி சீக்கிரம் வருமா, சொன்னார். வண்டி வேறொரு கேஸை இறக்கிக்கொண்டிருக்கிறது, உடனே கிளம்பிவிடும், பேஷண்ட்டைச் சாலைக்குக் கொண்டுவந்து வையுங்கள் என்றாள் அவள். சரி என்றார். போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு கல்வெர்ட்டுச் சுவரில் உட்கார்ந்தார். வேலை முடிந்தது, இனி உட்கார்ந்தால் போதும், அவர்கள் வருவார்கள், வண்டி வரும். சிள்வண்டு இரைந்தது. ஓடையில் சிகரெட் அட்டையொன்று கல்லில் மாட்டிக்கொண்டு ஆடியது. மலையைப் பார்த்தார். எந்தத் திருப்பத்திலும் ஆள் நடமாட்டம் தெரியவில்லை.

உட்கார்ந்ததுதான் தப்பு. நடந்துகொண்டிருந்தவரை அண்டாமல் விலகி வந்த நிஜம், உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. கூட்டம் முடிந்து அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வருகையில் அவருக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? கைதட்டலால் வந்த நிம்மதி இல்லை அது. அவர் கோணமலை ரோட்டை மனசுக்குள் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறார். ஜேசிபி வந்து வழுக்குப்பாறையை உடைக்கும். திருப்பத்துக்குத் திருப்பம் பரோட்டாக் கடை வரும். பீர் பாட்டில், சிப்ஸ் பாக்கெட், புல்லட்டில் கூச்சல் போட்டுக்கொண்டு வருகிற பையன்கள். அவருடைய ஒத்தையடிப் பாதை, ஞாயிற்றுக்கிழமைப் பாதை, மண்டை இரைச்சல் நிற்கிற ஒரே இடம், போய்விடும். அதனால்தான் அப்படிச் சொன்னார். தூரத்தை அளந்து சொல்லவில்லை, தன் வழியைக் காப்பாற்றிக்கொண்டார். இதே பாதையில் போன மழைக்காலத்தில் ஒரு கிழவரைக் கழியில் கட்டித் தூக்கிக்கொண்டு ஊர்க்காரர்கள் எதிரே வந்தபோது, ஒதுங்கி நின்று வழிவிட்டு, அடடா என்ன கால் பலம் இந்த ஜனங்களுக்கு, என்று வியந்துவிட்டு ஏறிப் போனவர்தானே அவர். தெரியாமல் சொன்னேன் என்று யாரிடம் சொல்ல முடியும்? தெரிந்துதான் சொன்னார். குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு திரும்பட்டும், திங்கட்கிழமையே போய்க் கலெக்டரம்மா காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்று சொல்லிக்கொண்டார். யாரிடம் பேரம் பேசுகிறோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. ஒருவேளை திங்கட்கிழமைக்குள் எல்லாம் நல்லபடியாக முடிந்திருந்தால், போகவே மாட்டார் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. எழுந்து, மறுபடி மலைப்பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

இந்நேரம் வேங்கைமரத்துத் திருப்பத்துக்கு வந்திருக்க வேண்டும். சுமையோடு வருகிறவர்கள் எவ்வளவு மெதுவாக வந்தாலும் வந்திருக்க வேண்டும், நடைக் கணக்கில் அவரை ஏமாற்ற முடியாது. வேங்கைமரம் வந்தது, அவர்கள் இல்லை. தோள் மாற்றியிருப்பார்கள், தண்ணீர் கொடுத்திருப்பார்கள், வழியிலேயே பிறந்துவிட்டால் நிறுத்தித்தானே ஆகவேண்டும். பிறந்திருக்கும். அதுதான் தாமதம். ஆம்பிளைப் பிள்ளையோ பெண்ணோ, எதுவானாலும் கத்தும், கத்தினால் இந்த மலையில் எதிரொலிக்கும். நின்று காது கொடுத்தார். சிள்வண்டு. அடுத்த மேட்டில் நிச்சயம் இருப்பார்கள், ஏறினார், இல்லை. அதற்கடுத்த மேட்டிலும் இல்லை. இந்தப் பாதையில் ஆள் எதிர்ப்படாமல் இருந்தால்தான் அவருக்குச் சந்தோஷம், வருஷக்கணக்காக அப்படித்தான். இன்றைக்கு ஒரு திருப்பத்திலாவது ஒரு மனுஷத் தலை தெரியாதா என்று கண் பூத்துப்போயிற்று. முழங்கால் வீங்கிவிட்டது, ஷூ லேஸ் அவிழ்ந்து தரையில் அடிபட்டது, குனிந்து கட்டப் பயமாக இருந்தது, குனிந்தால் எழுந்திருக்க முடியுமோ என்னவோ. வழுக்குப்பாறை வந்தது. பாறையோரப் புல் பெரிய வட்டமாக நசுங்கிக் கிடந்தது, ரொம்ப நேரம் ஆட்கள் உட்கார்ந்திருந்த இடம். புல்லின் நடுவில் ஈரம். அவர் அந்த ஈரத்தைப் பார்க்கவில்லை, பார்க்காமலே சுற்றிக்கொண்டு போனார். பாறைக்கு மேலே பேச்சுக்குரல் கேட்டது. அப்பாடா என்று வாயைத் திறந்து கூப்பிடப் போனவர், கூப்பிடவில்லை. குரல் மேலே போய்க்கொண்டிருந்தது.

ஆம், அவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். வெள்ளையனின் முதுகு தெரிந்தது. போர்வையை இப்போது முகத்துக்கும் சேர்த்து இழுத்து முடிச்சுப் போட்டிருந்தார்கள். ஏற்றத்தில் பாரம் முழுக்கப் பின்கழிக்காரன் தோளில்தான் இறங்கும். பின்கழி பிடித்திருந்த வெள்ளையனின் பெரியப்பன் அதைத் தாங்க மாட்டாமல் கழியை மெல்லத் தரையில் இறக்கிவிட்டு, தோளைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாற்று ஆட்கள் இருவரும் சேதி சொல்லவும் தூக்க ஆள் தேடவும் முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். வெள்ளையன் திரும்பி அவரைப் பார்த்தான். அழுது முடித்த முகம், வெறுமனே களைப்பாக இருந்தது.

"போயிடுச்சு சார். நீங்க கீழ இறங்கின கொஞ்ச நேரத்துலயே. புள்ளையும் உள்ளயே போயிடுச்சு. கூப்பிட்டோம், உங்க வேகத்துக்கு எங்க குரல் எட்டல. பாவம், அவ்வளவு தூரம் போயிட்டுத் திரும்ப ஏறி வந்திருக்கீங்க."

அப்படியானால் முழங்காலைப் பார்த்துப் பார்த்து இறங்கியது, போனில் கெஞ்சியது, கல்வெர்ட்டில் உட்கார்ந்து பேரம் பேசியது எல்லாம் அவள் போன பிறகு. தணிகாசலம் கைகூப்பினார், அது சரியாக இல்லையென்று கையை இறக்கிக்கொண்டார். அப்போதுதான் கீழே, எங்கோ பாலத்தருகே, ஆம்புலன்ஸ் சங்கு ஊதுவது கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊதி ஊதிப் பார்த்துவிட்டு அது நின்றது.

பெரியப்பன்தான் பேசினார். ரோடு வரப்போகுதுன்னு சொன்னாங்களே சார், யாரோ ஒரு மகராசன் வேணாம்னு சொல்லிட்டானாம், ஏரிமலைக்குப் போயிடுச்சாம் என்றார். குரலில் கோபம்கூட இல்லை. எங்க மலைக்குக் கால் நோக நடந்து வர்ற ஒரே ஆபீசர் நீங்கதான், நீங்க ஒரு வார்த்தை சொன்னா மேல கேப்பாங்க, நடந்தவங்களுக்குத்தானே சார் தெரியும் எங்க கஷ்டம் என்றார். தணிகாசலத்தின் வாயில் பதில் தயாராக இருந்தது. சொல்றேன் பெரியவரே, கட்டாயம் சொல்றேன். சர்வீஸ் முழுக்க ஆயிரம் பேரிடம் சொன்ன பதில், நாக்கு அதுவாகவே உருட்டிக் கொடுத்துவிடும். சொல்லிவிட்டு இறங்கிப் போய் ஆம்புலன்ஸ்காரனிடம் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் முடிந்தது, யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை, அடுத்த ஞாயிறு இதே வழியில் வந்தாலும் கஞ்சி கொடுப்பார்கள். அந்தக் கஞ்சியை நினைத்ததும் அந்தப் பதிலை விழுங்கிக்கொண்டார்.

"நான்தான்யா வேணாம்னேன்" என்றார். "கூட்டத்துல என்னைத்தான் கேட்டாங்க. நடக்கிற தூரம்தான்னு நான்தான் சொன்னேன்."

பெரியப்பன் புரியாதவர்போல அவர் வாயையே பார்த்தார். வெள்ளையனுக்குப் புரிந்தது. அவன் கொஞ்ச நேரம் அவருடைய ஷூவைப் பார்த்தான், அவிழ்ந்து கிடந்த லேஸைப் பார்த்தான், அப்புறம் முகத்தைப் பார்த்தான். அடிப்பான் என்று தணிகாசலம் எதிர்பார்த்தார், அடித்தால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது. அவன் அடிக்கவில்லை. முன்கழியருகே போய்க் குனிந்து, துண்டைச் சுருட்டித் தன் தோளில் வைத்துக்கொண்டான்.

"பின்கழியப் பிடிங்க" என்றான்.

சார் என்று சொல்லவில்லை. தணிகாசலம் குடையைப் புல்லில் போட்டுவிட்டு வந்து குனிந்தார். கழி ஈரமாக இருந்தது. வெள்ளையன் திரும்பிப் பார்க்காமல் "ம்" என்றான், இருவரும் எழுந்தார்கள்.